ஒன்பதாம் அறையின் தெற்குக் கதவு

பெங்களூர்
6.2.2005

அன்புத் தங்கை எழிலுக்கு,

அண்ணன் முனியராஜ் எழுதுவது. இங்கே எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா?

அம்மா போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. மூன்றாம் நாளே நான் ரயில் ஏறியதைப் பற்றி ஊரில் பேசியிருப்பார்கள். பேசட்டும். லீவு இல்லை என்று நான் சொன்னது உண்மைதான், பாதி உண்மை.

இத்துடன் ஒரு சி.டி. வருகிறது. அதில் இருப்பது 'கதைவழி'. போன தடவை அனுப்பியதில் உன்னால் எதையும் படிக்க முடியாததால் முதலிலிருந்து சொல்கிறேன். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் நானே எழுதிய மென்பொருள். எழுத்தை மட்டும் வைத்து விளையாடும் விளையாட்டுகளை இதில் உருவாக்கலாம். படம் கிடையாது, சத்தம் கிடையாது. ஒரு அறையை நீ விவரித்து எழுதவேண்டும். எந்தத் திசையில் கதவு, அந்தக் கதவு எங்கே கொண்டுபோய் விடும், அறையில் என்னென்ன பொருள் என்று சொல்லவேண்டும். விளையாடுகிறவர் 'வடக்கே போ', 'பெட்டியைத் திற', 'சாவியை எடு' என்று தட்டச்சு செய்வார். கம்ப்யூட்டர் பதில் சொல்லும். இங்கிலீஷில் இது பழைய சமாச்சாரம். தமிழில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

இது 0.2. அதாவது முழுசாக வேகாத பண்டம். இப்படி முன்கூட்டியே வெளியிட்டு, நாலு பேர் குறை சொல்ல, திருத்திக்கொண்டே போவது எங்கள் தொழிலில் வழக்கம். இணையத்தில் போட்டேன். பதினொரு பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் நான்தான், சரியாக இறங்குகிறதா என்று பார்த்தது. மிச்ச ஒன்பது பேரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

எனக்குத் தெரிந்தவர்களில் தமிழை வேகமாகத் தட்டச்சு செய்கிறவள் நீ ஒருத்திதான். சின்னதாக, ஐந்தாறு அறைகள் வைத்து ஒரு விளையாட்டு செய்து அனுப்பு. எங்கே இடறுகிறது என்று எழுது. 0.1-இல் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்ததே, அந்தப் பிழை சரியாகிவிட்டது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
முனியராஜ்


ஆமத்தூர்
23.2.2005

அண்ணனுக்கு,

எழில் எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இருக்கிறோம். இருமல் நின்றுவிட்டது. உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

சி.டி. உடையாமல் வந்தது. நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்கு நான் இப்போது போவதில்லை. அந்த ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார முடியவில்லை. விருதுநகரில் மீரான் மைதீன் பாய் வைத்திருக்கும் டி.டி.பி. சென்டரில் சேர்ந்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. பாய் முதல்நாளே சொல்லிவிட்டார்: "பாரும்மா, மாப்ள பேரும் பொண்ணு பேரும் மாறாம இருந்தாப் போதும். மத்தத அல்லா பாத்துக்கிடுவான்." மதியம் அவர் தொழுகைக்குப் போய், வீட்டில் சாப்பிட்டு வர இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை பின்னால் இருக்கிற கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை அண்ணே. முந்தாநாள் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். அப்பா சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் அக்கா ருசி பார்த்துவிட்டுத் துப்பிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அந்தத் தீ விபத்துக்கு விசாரணை வைக்கப் போகிறார்களாம். தாலுகா ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. ஃபோர்மேன் வேலுச்சாமி வீட்டுக்கு வந்தார். ஒன்பதாம் அறையில் இருந்த நாலு பேரில் மூன்று பேர் வடக்குக் கதவு வழியாக வெளியே ஓடிவிட்டார்கள். அம்மா தெற்குக் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தவள். தெற்குக் கதவு திறக்கவில்லை. ஏனென்றால் அதற்கு வெளியே சரக்குத் தட்டுகளை அடுக்கியிருந்தது. அதை அடுக்கியது அம்மாவேதான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. சட்டத்தை மீறி அவளே வழியை அடைத்துக்கொண்டாள், குற்றம் அவளுடையது என்கிறார்கள். விசாரணையில் நாமும் அதற்கு ஒத்துக்கொண்டால் அம்மா பேரிலேயே அது நிலைத்துவிடும். அப்பா, "எங்கன கையெழுத்து போடணும்னு சொல்லுங்க" என்று கேட்டார். நான் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

விளையாட்டு செய்யச் சொல்கிறாய். எனக்குக் கதை எதுவும் தெரியாது. அறை அறையாகத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

நீ ஏன் போனே பண்ணுவதில்லை? முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை பண்ணுவாய். பொன்னுத்தங்கம் அக்கா வீட்டு நம்பர் மாறவில்லை.

எழில்


பெங்களூர்
9.3.2005

அன்புள்ள எழிலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். குழம்பில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு வெட்டிப் போடு.

தெரிந்த இடத்தையே செய். அதுதான் நல்லது. தெரியாத அரண்மனையை எழுதினால் அறைக்கு அறை தூண்தான் வரும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர், இரண்டு மூன்று வரி விவரம். விவரம் எழுதாமல் விட்டால் கம்ப்யூட்டரே 'இந்த இடத்துக்கு விவரம் எழுதப்படவில்லை' என்று காட்டும். வழி எழுதாத திசையில் போகப் பார்த்தால் 'அந்தப் பக்கம் வழி இல்லை' என்று சொல்லும். இந்த இரண்டு வரியும் நான் எழுதி வைத்தவை. வேண்டுமானால் நீ மாற்றிக்கொள்ளலாம்.

தட்டை அம்மா அடுக்கியிருக்கமாட்டாள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கதவு எதற்கு இருக்கிறதென்று தெரியாதா? வேறு யார் வைத்தது என்று உனக்குத் தெரியுமா? அன்று நீ ஆபீசில்தானே இருந்தாய்.

வேலை அதிகம். இத்துடன் நிறுத்துகிறேன்.

முனியராஜ்


ஆமத்தூர்
4.4.2005

அண்ணனுக்கு,

நாங்கள் நலமே. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பட்டாசுக்கு நல்ல வெயில் என்று எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அங்கே குளிர் விட்டதா?

விளையாட்டை முடித்துவிட்டேன். சி.டி.யில் ஏற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து இடங்கள்.

முதலில் கேட். அங்கே சோதனை போடுகிற அம்மாள் நிற்பாள். இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. ஊக்கு, ஹேர்பின், வீட்டுச் சாவி எல்லாவற்றையும் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டினால்தான் வழிவிடுவாள். அடுத்தது செருப்பு விடும் இடம். அம்மா தாலிக்கயிற்றிலிருந்து கழற்றிய ஊக்குகளை வலது செருப்புக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போவாளே, அதையும் எழுதியிருக்கிறேன். அதைத் தாண்டினால் ஆபீஸ், என் மேசை. அங்கிருந்து கிழக்கே நடந்தால் ஒன்பதாம் அறை. வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்காமல் உள்ளே நுழையப் பார்த்தால் விளையாட்டு விடாது. 'தகட்டைத் தொடு' என்று எழுதவேண்டும். ஐந்தாவது, வடக்குக் கதவுக்கு வெளியே இருக்கிற முற்றம். பாய் கடைக்குப் பத்திரிகை அடிக்க வந்த ஜாபர் சாதிக் என்கிறவர் இதில் விளையாடிப் பார்த்தார். நாலு தடவை தகட்டைத் தொட மறந்துவிட்டு, "என்னம்மா இது, இம்புட்டு கண்டிசனா இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

பிழைகள் இவை. 'ழ்' போட்டு உடனே அழித்தால் முந்தைய எழுத்தும் சேர்ந்து போகிறது. பொருளின் பெயரில் இடம் விட்டால் அதை எடுக்க முடியவில்லை. 'செருப்பு' எடுக்கலாம், 'அம்மாவின் செருப்பு' எடுக்க முடியாது.

வேறு ஒன்றும் இல்லை. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.

எழில்


பெங்களூர்
20.4.2005

அன்புள்ள எழிலுக்கு,

நலம். உன் விளையாட்டை மூன்று முறை விளையாடினேன்.

முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. 'நீ இருளம்மாள். வயது நாற்பத்தாறு. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.' நான் உருவாக்கிய மென்பொருள் என்னைப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொன்னது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

விபத்து எதுவும் வைக்காமல் விட்டாயே, நல்லது. அம்மா உள்ளே போகிறாள், பூச்சட்டியில் மருந்து அடைக்கிறாள், வடக்கு வழியாக வெளியே வருகிறாள், செருப்பையும் ஊக்கையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். மூன்று முறையும் நான் அவளை வீட்டுக்கு அனுப்பினேன்.

நீ சொன்ன இரண்டு பிழைகளையும் சரிசெய்துவிட்டேன். நீ சொல்லாத ஒன்றும் இருந்தது. ஒன்பதாம் அறையில் 'தெற்கே போ' என்றால் 'அந்தப் பக்கம் வழி இல்லை' என்கிறது. உன் கோப்பைத் திறந்து பார்த்தேன். தெற்குத் தாழ்வாரம் என்று ஆறாவதாக ஒரு இடம் உருவாக்கியிருக்கிறாய். அங்கிருந்து உள்ளே வரக் கதவும் வைத்திருக்கிறாய். உள்ளேயிருந்து அங்கே போகும் வழியை எழுத மறந்துவிட்டாய். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. கதவு என்றால் இரண்டு பக்கமும்தான். அதை இரண்டு முறை எழுதச் சொன்னது என் மடத்தனம். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் மறப்பார்கள்.

0.3-இல் அதை மாற்றிவிட்டேன். ஒரு பக்கம் கதவு வைத்தால் மறுபக்கமும் தானாகவே திறக்கும். உன் விளையாட்டையும் அதில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். இனி தெற்குக் கதவு திறக்கும்.

இன்னொன்று. உன் ஆபீஸ் அறையில் மேசை இருக்கிறது, பேரேடு இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, சுவரில் முருகன் காலண்டர்கூட இருக்கிறது. போன் இல்லை.

முனியராஜ்


பெங்களூர்
12.6.2005

எழிலுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அப்பா எப்படி இருக்கிறார்?

0.3 கிடைத்ததா? ஓடுகிறதா? இங்கே அதை நாற்பது பேர் இறக்கியிருக்கிறார்கள். கதவு தானாகத் திறப்பது நல்ல வசதி என்று ஒருவர் மின்னஞ்சல் போட்டிருக்கிறார். எனக்கு வந்த முதல் பாராட்டு. உன்னால் வந்தது.

போன் பற்றி நான் எழுதியது உன்னைச் சங்கடப்படுத்தியிருந்தால் விட்டுவிடு.

ஒரு வரியாவது எழுது.

முனியராஜ்


ஆமத்தூர்
30.6.2005

அண்ணனுக்கு,

அப்பா நலம். நானும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நீ கவலைப்படாதே. ஆபீசில் போன் தேவைப்படவில்லை, அதனால் வைக்கவில்லை.

0.3 மே மாதமே வந்தது. ஒருநாள் மதியம் பாய் வெளியே போனதும் போட்டுப் பார்த்தேன். கேட்டில் ஊக்கைக் கழற்றினேன். செருப்பை விட்டேன். தகட்டைத் தொட்டேன். ஒன்பதாம் அறைக்குள் போய் 'தெற்கே போ' என்று அடித்தேன். வழி இல்லை என்று வரும், வழக்கம்போல எழுந்துவிடலாம் என்றுதான் அடித்தேன். தினமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன் அண்ணே. தினமும் ஒருமுறை அந்தக் கதவிடம் போவேன், வழி இல்லை என்று அது சொல்லும், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சோற்றைத் தின்பேன்.

அன்று கதவு திறந்துவிட்டது. 'தெற்குத் தாழ்வாரம்' என்று வந்தது. அதற்குக் கீழே, 'இந்த இடத்துக்கு விவரம் எழுதப்படவில்லை.'

எனக்குப் பயம் வந்தது. எட்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அம்மா வெளியே வந்து நிற்கிறாள், அவள் எதைப் பார்க்கிறாள் என்று நான் சொல்லவேண்டும் என்று கம்ப்யூட்டர் காத்துக்கொண்டிருக்கிறது. பாய் வந்து, "என்னம்மா, மொகமெல்லாம் வேர்த்திருக்கு, சாப்பிடலியா?" என்று கேட்கும்வரை அப்படியே இருந்தேன்.

நான் மறக்கவில்லை. உள்ளேயிருந்து தெற்கே வழி இல்லை. நான் எழுதியது சரி.

அந்தக் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கமாகத் திறப்பவை என்று உனக்குத் தெரியும். உள்ளே தீப்பிடித்தால் கையால் தள்ளினாலே திறந்துகொள்ளவேண்டும் என்று அப்படி வைப்பார்கள். விபத்து நடந்த அன்று மதியம் மேகம் கூடியது. முந்தின நாளும் அன்றும் அம்மா அடைத்த பூச்சட்டிகள் மரத்தட்டுகளில் மேடைமேல் காய்ந்துகொண்டிருந்தன. மழை வந்தால் ஆபீசில் இருப்பவர்களும் ஓடிப்போய்த் தூக்கவேண்டும், அது அங்கே வழக்கம். நான் ஆபீசை விட்டு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் தூறல் பெரிசாகிவிட்டது. குடோனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் பாதி நனைந்துவிடும். நனைந்தால் அத்தனையும் குப்பைக்குத்தான். இரண்டு நாளாக அவள் முதுகு நோவ உட்கார்ந்து அடைத்தது. பக்கத்தில் ஒன்பதாம் அறையின் தாழ்வாரம் இருந்தது. அதற்கடியில் கொண்டுபோய் மூன்று வரிசையாக அடுக்கினேன், கதவோடு சேர்த்து. மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்றுதான். அடுக்கி முடித்ததும் உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "எழிலு, சரக்கு நனையலேல்ல?" நனையலம்மா என்றேன். சேலையைப் பிழிந்துகொண்டே ஆபீசுக்குத் திரும்பி நடந்தேன். பத்தடி வைத்திருப்பேன்.

வேலுச்சாமி தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்தபோது என்னிடம் தனியாகச் சொன்னார். "தாயி, ஆபீஸ்காரி அடுக்குனான்னா கம்பெனி மேல வரும். ஒம்மேலயும் வரும். போனவ போயிட்டா. அவ மேல போட்டா யாருக்கு என்ன நட்டம்?" நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நீ இரண்டு கடிதத்துக்கு முன்னால், வைத்தது யார் என்று கேட்டாய். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். ஆனால் அந்தக் கதவை மட்டும் பழையபடி ஆக்கிக்கொடு.

எழில்


ஆமத்தூர்
22.7.2005

அண்ணனுக்கு,

அப்பா நலம். நான் எழுதியது கிடைத்திருக்கும். நீ பதில் போடாததும் ஒரு பதில்தான். புரிகிறது.

விசாரணை ஆகஸ்ட் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. காலையில் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே, "நீ சாப்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

தகவலுக்காக எழுதினேன். நீ வரவேண்டும் என்று இல்லை.

எழில்


பெங்களூர்
1.8.2005

எழிலுக்கு,

நீ நலமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதமும் ஆரம்பிக்கிறது. ஆனால் எனக்கு அது தெரியும், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

பதில் போடாதது உன்மேல் கோபத்தால் இல்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. 'நான் ஆபீசை விட்டு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.' ஏன் தாமதம் என்று நீ எழுதவில்லை. உன் விளையாட்டில் போன் வைக்கவில்லை. இதுவரை எழுதிய ஒரு கடிதத்திலும் அதைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாய் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

நான் எழுதிவிடுகிறேன். செப்டம்பர் பதினேழு. கதைவழி 0.1 வெளியிட்ட நாள். சி.டி. உன் கைக்கு அன்றுதான் வந்தது. மதியம் மூன்று மணிக்கு ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டேன். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது என்றாய். நான் அதைத் திற, இதைத் திற என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது. "அண்ணே, தூறுது. சரக்கு வெளிய கெடக்கு, வைக்கட்டா?" என்றாய். நான் என்ன சொன்னேன்? "இரு இரு, அந்தப் பிழைச் செய்திய மட்டும் வாசிச்சுரு." நீ வாசித்தாய். நான் எழுதிக்கொண்டேன். எழுத்துரு கிடைக்கவில்லை, பிழை எண் பதினேழு. திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷம் இருந்திருந்தால் நீ குடோனுக்கே தூக்கிப் போயிருப்பாய்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 0.2-க்கான முதல் திருத்தம் அதுதான். அம்மாவைப் புதைத்துவிட்டு மூன்றாம் நாள் நான் ரயில் ஏறியது லீவுக்காக இல்லை. வீட்டில் நீ என்னைப் பார்த்தபோதெல்லாம் இதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகு போனைத் தொட்டு உன் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கூரைச் சத்தம்தான் முதலில் கேட்கும் என்று பயம். எனக்கு வெட்கமாக இருக்கிறது எழிலு. உன் தலையில் இரண்டு பேர் பாரத்தையும் ஏற்றிவிட்டு, இங்கே உட்கார்ந்து கதவுகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

0.4 இத்துடன் வருகிறது. 'ஒருபக்கக் கதவு' என்று தனியாக வைத்துவிட்டேன். உன் விளையாட்டில் தெற்குக் கதவு பழையபடி இருக்கிறது. வெளியீட்டுக் குறிப்பில், முந்தைய பதிப்பில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டது என் தவறு என்று எழுதியிருக்கிறேன்.

பதினொன்றாம் தேதி இரவு வண்டி ஏறுகிறேன். விசாரணையில் நானும் சொல்கிறேன்.

முனியராஜ்


ஆமத்தூர்
28.8.2005

அண்ணனுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். அப்பா நலம். நீ இருந்த நாலு நாளும் அவர் இரண்டு வேளை சாப்பிட்டார். இப்போது மறுபடி ஒரு வேளைதான். என்னைக் கேட்டால், நலம் என்று எழுதலாம். முன்பு எழுதியதைவிட இது கொஞ்சம் உண்மை.

நீ போன பிறகு வேலுச்சாமி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வாசலில் நின்று, "ஒங்கண்ணன் போயிட்டாகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். தாலுகா ஆபீசிலிருந்து நகல் வந்திருக்கிறது. 'தொழிலாளி இருளம்மாள் தானே அடுக்கியதாக' என்ற வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, மேலே என் பெயரை எழுதியிருக்கிறார்கள். அம்மா பேரில் இப்போது ஒன்றும் இல்லை. என் பேரில் என்ன வரும் என்று இன்னும் தெரியாது. வரட்டும்.

நீ சொன்னது அதில் இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீ எழுந்து நின்று போன் பேசியதைச் சொல்லச் சொல்ல, அந்த ஆபீசர் பேனாவை மூடிவிட்டாரே. "தம்பி, போன் பேசுறது ஒரு குத்தமா? இத எந்தக் கட்டத்துல எழுத? உக்காருங்க நீங்க." நீ உட்காரவே இல்லை. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகும் நின்றுகொண்டிருந்தாய். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர்கள் எழுதாவிட்டால் நான் எழுதிக்கொள்கிறேன். 0.4-இல் ஆபீஸ் அறைக்குப் போன் வைத்துவிட்டேன். கறுப்புப் போன். அம்மா அதைக் கடந்துதான் ஒன்பதாம் அறைக்குப் போகவேண்டும். அது ஒலிக்கும். அவளால் எடுக்க முடியாது, அது அவளுக்கு வந்தது இல்லை.

தெற்குத் தாழ்வாரத்துக்கும் விவரம் எழுதிவிட்டேன். அங்கே யாரும் போக முடியாது, யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் காலியாக விட மனசு வரவில்லை. இதுதான்:

'தெற்குத் தாழ்வாரம். மழை பெய்கிறது. ஓட்டுக்கு அடியில் மூன்று வரிசை மரத்தட்டுகள். பூச்சட்டிகள் ஒன்றுகூட நனையவில்லை. எழில் அடுக்கியவை. கதவு இவற்றுக்குப் பின்னால் இருக்கிறது.'

எழுதி முடித்ததும் அழுகை வந்தது. பத்திரிகை திருத்த வந்த ஒரு பெரியவர் பயந்துவிட்டார். பாய் அவரிடம், "ஒண்ணுமில்ல, நீங்க உக்காருங்க. அந்தப் புள்ள அழட்டும்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

பிழை ஒன்றும் இல்லை. 'அம்மாவின் செருப்பு' இப்போது எடுக்க முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுத்தங்கம் அக்கா வீட்டுக்கு போன் பண்ணு. நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். காலையில் பத்து மணிக்குப் பண்ணு, அப்போது மழை வராது.

எழில்